த்ரீ நாட் த்ரீ முதல் ஏ.கே. 203 வரை: நம் தரைப்படைக்கு ரைஃபிள் ஏன் எப்போதும் பிந்தியே வருகிறது?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். உத்தரப் பிரதேசத்தில் அமேதிக்குப் பக்கத்துக் கோர்வாவில் ஏ.கே. 203 தயாராகி, பட்டாலியன்களுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. அதிலிருந்து "இனி ரைஃபிள் பிரச்சினை தீர்ந்தது" என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 1947-இலிருந்து வரிசையாகப் பார்த்தால் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. முதலில் அடி விழுகிறது, அப்புறம்தான் புதுத் துப்பாக்கி வேண்டும் என்ற பேச்சே எழுகிறது. அது கைக்கு வந்து சேரும்போது எதிரில் இருப்பவன் அடுத்ததுக்குப் போயிருக்கிறான்.

சுதந்திரத்தின்போது நம் கையில் இருந்தது .303 லீ-என்ஃபீல்டு, அதாவது த்ரீ நாட் த்ரீ. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ஈசாப்பூர் தொழிற்சாலை வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதைச் செய்துகொண்டிருந்தது. மேகசினில் பத்துத் தோட்டா. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். தேறிய கை நிமிஷத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடும். 1947-48 காஷ்மீர்ப் போரில் இரண்டு பக்கமும் அதே துப்பாக்கிதான், ஆகவே அதன் குறை யார் கண்ணிலும் படவில்லை.

அதற்குள் உலகம் நகர்ந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரிலேயே அமெரிக்கச் சிப்பாய்கள் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் காரண்ட் ரைஃபிளோடு சண்டை போட்டார்கள். சோவியத் நாடு 1949-இல் ஏ.கே. 47-ஐ ஏற்றுக்கொண்டது. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் செய்த ஃபால் ரைஃபிள் 1950-களில் பல நாடுகளுக்குப் போனது, பிரிட்டனும் அதை எடுத்துக்கொண்டது. நாம் மட்டும் 1962 அக்டோபரில், சீனப் போரில், போல்ட் ரைஃபிளோடு வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்றோம். எதிரில் சீனர்களிடம் டைப் 56 அரைத் தானியங்கிக் கார்பைனும் (குட்டை ரைஃபிள்) ஏ.கே. மாதிரித் துப்பாக்கியும் இருந்தன.

1962-க்குப் பிறகு எஸ்.எல்.ஆர். (தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) வந்தது. அது பழசானதும் இங்கேயே வடிவமைத்த இன்சாஸ் வந்தது, அதிலும் தாமதம். இன்சாஸுக்கு மாற்று தேடத் தொடங்கியது 2011. தேடல் முடிந்து ஏ.கே. 203 ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 டிசம்பர். பத்து வருஷம் போய்விட்டது.

என் வாதம் இதுதான்: குறை தொழிற்சாலையில் தொடங்கவில்லை. என்ன துப்பாக்கி வேண்டும், யாரோடு எந்தத் தூரத்தில் சண்டை என்று முடிவெடுப்பவர்களிடம் தொடங்குகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

பழைய_சிப்பாய் எழுதியது:

தம்பி, பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 1962-ஐ ரைஃபிளின் தோல்வியாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாம்கா சூவில் நின்ற பட்டாலியன்களுக்குக் குளிருக்குத் துணி இல்லை, மேலே போகச் சாலை இல்லை. விமானத்திலிருந்து போட்ட மூட்டைகள் பள்ளத்தாக்கில் விழுந்து காணாமல் போயின. ஆற்றங்கரையில், எதிரி மேலிருந்து பார்க்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் கையில் என்ன துப்பாக்கி இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

அதே போரில் லடாக்கின் ரெசாங் லாவைப் பாருங்கள். 1962 நவம்பர் 18, 13 குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி, மேஜர் சைத்தான் சிங் தலைமை. கையில் இதே த்ரீ நாட் த்ரீ, சில எல்.எம்.ஜி. (லேசான இயந்திரத் துப்பாக்கி), சின்ன மோர்ட்டார். பதினாறாயிரம் அடிக்கு மேல். மலை குறுக்கே நின்றதால் பீரங்கி உதவி கிடைக்காத இடம். சுமார் 120 பேரில் 110-க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே உயிர் விட்டார்கள். குளிர்காலம் போய் உடல்களைத் தேடிப் போனபோது பலர் பங்கரிலேயே துப்பாக்கியைப் பிடித்தபடி கிடந்தார்கள் என்பது பதிவான செய்தி. அந்த ரைஃபிளை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது.

குறை எங்கே தெரியும் என்றால், கூட்டமாக ஏறி வருபவனைத் தடுக்கும்போதுதான். போல்ட்டை இழுக்கும் நேரத்தில் கண் குறியிலிருந்து விலகும், அந்த இடைவெளியில் அவன் நான்கடி முன்னால் வந்துவிடுவான். 

நான் சேர்ந்த காலத்தில் எஸ்.எல்.ஆர். தான். எடை நாலு கிலோவுக்கு மேல், நீளம் ஒரு மீட்டருக்கு மேல். பட்டாலியனில் உயரம் குறைந்த பையன்கள் அதோடு ஓடும்போது கஷ்டப்படுவார்கள். ஆனால் சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடும். முன்னூறு மீட்டரில் பட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டான். இன்றைக்கும் என் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு எஸ்.எல்.ஆர். பக்கம்தான் போகும்.

புதுமுகம்_21 எழுதியது:

ஐயா, சின்னச் சந்தேகம். எஸ்.எல்.ஆர். தொடர்ந்து சுடுமா, இல்லை ஒவ்வொன்றாகத்தானா? தேர்வுக்குப் படிக்கும் புத்தகத்தில் தானியங்கி என்று போட்டிருக்கிறது.

பழைய_சிப்பாய் எழுதியது:

விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்த தோட்டா தானாக ஏறும், ஆனால் மறுபடி அழுத்தினால்தான் சுடும். 7.62×51 தோட்டாவைத் (குண்டின் விட்டமும் கூட்டின் நீளமும் மி.மீ.-இல்) தோளில் வைத்துத் தொடர்ந்து சுட்டால் மூன்றாவது குண்டு வானத்துக்குத்தான் போகும், அதனால் அந்த வசதியே வைக்கவில்லை. கவச வண்டிக்குள்ளிருந்து சுட 1சி என்று ஒரு தனி வகை இருந்தது, அது மட்டும் தொடர்ந்து சுடும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

காவிரிக்கரை, 1947-இலிருந்து ஆரம்பித்தது எனக்குக் குறையாகப் படுகிறது. "ஒரு தலைமுறை பிந்தி" என்பது சுதந்திர இந்தியாவின் பழக்கம் மட்டும் இல்லை. அது 1857-க்குப் பிறகு வேண்டுமென்றே வகுத்த கொள்கை.

1857 கிளர்ச்சிக்குத் தீப்பொறியானதே ஒரு புது ரைஃபிளின் தோட்டா. 1853 மாதிரி என்ஃபீல்டு, .577 அங்குலக் குழல். அதன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும், அதில் பூசிய கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற பேச்சு பாளையம் பாளையமாகப் பரவியது. பழைய பிரவுன் பெஸ் துப்பாக்கியில் நூறு கஜத்துக்கு மேல் குறி நிற்காது. என்ஃபீல்டில் முன்னூறு கஜத்துக்கு அப்பாலும் ஆளை அடிக்கலாம். அவ்வளவு பெரிய வித்தியாசம்.

கிளர்ச்சியை அடக்கிய பிறகு ஆங்கிலேயர் முடிவு செய்தார்கள்: சிப்பாய் கையில் இருப்பது வெள்ளைக்காரச் சிப்பாய் கையில் இருப்பதைவிட எப்போதும் ஒரு படி கீழே இருக்க வேண்டும். வெளிப்பார்வைக்கு என்ஃபீல்டு போலவே இருக்கும், ஆனால் குழலுக்குள் சுழல் வரி இல்லாத வழுவழுப்பான துப்பாக்கியைச் செய்து இந்தியப் படைகளுக்குக் கொடுத்தார்கள். பீரங்கிப் படையையும், சில மலைப் பாட்டரிகளைத் தவிர, தங்கள் ஆட்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

இதன் விலையை மைவாந்தில் பார்க்கலாம். 1880 ஜூலை 27, இரண்டாம் ஆப்கன் போர். ஒரே பிரிகேடில் 66-ஆம் பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் கையில் மார்ட்டினி-ஹென்றி. பக்கத்தில் நின்ற இந்தியப் படைகளான பாம்பே கிரெனடியர்களுக்கும் ஜேக்கப்ஸ் ரைஃபிள்ஸுக்கும் பழைய ஸ்னைடர். அன்று பிரிகேடே சிதைந்தது. அதற்கும் எதிரியின் பீரங்கியும் எண்ணிக்கையும் முக்கியக் காரணங்கள்தான், ஆனால் ஒரே வரிசையில் நிற்பவர்களுக்கு இரண்டு தோட்டா, இரண்டு தூரம் என்று வைத்த புத்தியை என்னவென்று சொல்வது?

1914-இல் இந்தியப் படை பிரான்ஸில் இறங்கியபோது மார்சேய் துறைமுகத்திலேயே பழைய ரைஃபிளை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். அந்தத் துப்பாக்கியைச் சரியாகப் பழகுவதற்குள் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனைக்குப் போய்விட்டார்கள். ஜெர்மன்காரனோடு சண்டை என்றதும் அறுபது வருஷக் கொள்கை சில நாளில் மாறியது.

காவிரிக்கரை எழுதியது:

ஏட்டுச்சுவடி, மைவாந்த் சேதி என் வாதத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது. அன்றைக்கு அவநம்பிக்கையால் பிந்தி வந்தது. 1947-க்குப் பிறகு அந்தக் காரணம் போய்விட்டது, ஆனாலும் பிந்தியே வந்தது. நமக்கு நாமே செய்துகொண்ட தாமதம் என்பதால்தான் எனக்கு இது அதிகம் உறுத்துகிறது.

வரைபலகை எழுதியது:

நான் படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எஸ்.எல்.ஆர். பிறந்த கதையை யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஃபால் ரைஃபிளை உரிமம் வாங்கிச் செய்யத்தான் முதலில் பேச்சு நடந்தது. பெல்ஜியக்காரர்கள் போட்ட நிபந்தனைகள் ஒத்துவரவில்லை. அப்புறம் நம் ஆயுத ஆராய்ச்சி நிலையத்தார் பெல்ஜிய, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய ஃபால்களை வாங்கிப் பிரித்துப் போட்டு, மூன்றிலிருந்தும் எடுத்து ஒரு வரைபடம் தயாரித்தார்கள். பிரிட்டிஷ் மாதிரி அங்குலக் கணக்கு, பெல்ஜிய மாதிரி மில்லிமீட்டர் கணக்கு. இந்திய 1ஏ ரைஃபிள், அதாவது நம் எஸ்.எல்.ஆர்., இரண்டும் கலந்தது. அதனால்தான் அதன் பாகங்கள் எல்லாம் அப்படியே மற்ற நாட்டு ஃபாலில் பொருந்தாது. எஃப்.என். எதிர்ப்புத் தெரிவித்தது, அவர்களிடமே ஒரு தொகுதி ரைஃபிள் வாங்குவதாகச் சொல்லிச் சமாதானம் ஆனது. 1963 வாக்கில் ஈசாப்பூரில் உற்பத்தி தொடங்கி, மொத்தத்தில் பத்து லட்சத்துக்குக் குறையாமல் செய்தார்கள்.

அந்த இடைவெளியில் செய்த இன்னொன்றும் உண்டு: ஈசாப்பூர் 2ஏ. லீ-என்ஃபீல்டின் அதே உருவம், ஆனால் .303-க்குப் பதில் 7.62×51 தோட்டா. புதுத் தோட்டாவின் அழுத்தம் அதிகம், பழைய எஃகு தாங்காது என்று உடலுக்கு வலுவான எஃகு போட்டார்கள். தோட்டாவின் வடிவம் வேறு என்பதால் மேகசினைச் சதுரமாக மாற்றினார்கள். அடுத்து வந்த 2ஏ1-இல் பின் குறிக்காட்டியின் அளவை 2,000-இலிருந்து 800 மீட்டருக்குக் குறைத்தார்கள். உலகமே போல்ட் ரைஃபிளை விட்டு வெளியே வந்த பிறகு ஒரு ராணுவத்துக்காக வடிவமைத்த கடைசி போல்ட் ரைஃபிள் அதுதான் என்று ஆயுத வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். எஸ்.எல்.ஆர். போதுமான அளவு வரும்வரை இருக்கட்டும் என்று 1963-இல் ஆரம்பித்தது, எழுபதுகள் வரை ஓடியது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வோம், ஏனென்றால் கைவசம் இருந்த இயந்திரத்தையும் ஜிக்கையும் (பாகத்தைப் பிடித்து வைக்கும் சட்டம்) வைத்துக்கொண்டு சில மாதங்களில் துப்பாக்கியை நிறுத்தினார்கள்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. .303 தோட்டாவுக்குப் பெரும்பாலும் உந்து மருந்து கார்டைட். அதைச் செய்யத்தான் நீலகிரியில் அருவங்காட்டில் 1903-இல் தொழிற்சாலை வைத்தார்கள். இன்றும் நடக்கிறது.

யாழ்_பனையோலை எழுதியது:

அண்ணாமார் எழுதுவதை வாசித்துக்கொண்டு வருகிறேன். இந்திய ராணுவத்தின் எஸ்.எல்.ஆரைப் பற்றி எங்கட ஊர் ஆக்களுக்கும் சொல்ல இருக்கிறது.

1987-இல் இந்திய அமைதிப்படை வந்தபோது அவர்களின் தோளில் இருந்தது அந்த நீட்டுத் துவக்குத்தான். அக்டோபரில் சண்டை துவங்கின பிறகு வீட்டுக்குள்ளே படுத்திருந்தபடி சத்தத்தை வைத்தே யார் சுடுகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். எஸ்.எல்.ஆர். ஒவ்வொன்றாய், கனத்த வெடி. இயக்கத்திடம் இருந்தது பெரும்பாலும் டைப் 56, அது படபடவென்று போகும். ஒழுங்கைகள், மதில்கள், வடலிகள் நிறைந்த ஊரில் அந்த நீட்டுத் துவக்கோடு திரும்புவதே அவர்களுக்குச் சிரமமாய் இருந்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இடையில் நின்ற சனமும் செத்த காலம் அது. அதை வெறும் துவக்குக் கணக்காக என்னால் எழுத ஏலாது. ஆனால் அந்தப் போரில் இருந்துதான் இந்திய ராணுவம் ஏ.கே. பக்கம் திரும்பியது என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

பழைய_சிப்பாய் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் சீருடையில் இருந்தவன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விரும்பவில்லை, பட்டவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில், பெரிய அளவில் உண்மை. நெருங்கிய ஊரிலும் காட்டிலும் எஸ்.எல்.ஆர். பொருந்தவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது. உடனே காஷ்மீரில் 1989-90-இலிருந்து கிளர்ச்சி தொடங்கியது, அங்கேயும் எதிரில் ஏ.கே. 1990-92-இல் ருமேனியா, ஹங்கேரி என்று பல இடங்களிலிருந்து ஒரு லட்சம் ஏ.கே. வகைத் துப்பாக்கிகளை வாங்கினார்கள். இடைக்கால ஏற்பாடு என்று வந்தவை அவை. அதற்குப் பிறகு பல வருஷம் காஷ்மீரில் கிளர்ச்சி ஒடுக்கும் வேலைக்குப் போனவர்கள் கையில் அதுதான் இருந்தது.

காவிரிக்கரை எழுதியது:

இன்சாஸ் பக்கம் வருவோம். இந்த விவாதத்தின் நெஞ்சே அதுதான்.

1980-களில் புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையம் வடிவமைப்பைத் தொடங்கியது. ரைஃபிள், எல்.எம்.ஜி., கார்பைன் என்று மூன்றுக்கும் பொதுவான பாகங்கள் கொண்ட ஒரு குடும்பம். தோட்டா 5.56×45. 1990-இல் ஏற்றார்கள், பெரிய அளவில் உற்பத்தி தொடங்க 1997 ஆனது, 1998 குடியரசு தின அணிவகுப்பில் மக்கள் பார்த்தார்கள். துப்பாக்கி தயாரான பிறகும் அதற்கான தோட்டா உள்நாட்டில் போதாமல் இஸ்ரேலிடமிருந்து பெருமளவு வாங்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே கார்கில்.

கார்கில் குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, மூன்று குண்டோடு நிற்க வேண்டிய பர்ஸ்ட் நிற்காமல் ஓடியது, எண்ணெய் கண்ணில் தெறித்தது என்று புகார்கள் வந்தன. 2005-இல் நேபாளத்தில் காலிகோட் முகாமை மாவோயிஸ்டுகள் தாக்கியபோது நம்மிடம் மானிய விலையில் வாங்கிய இன்சாஸ் நீண்ட நேரச் சண்டையில் கைவிட்டது என்று நேபாள ராணுவம் குற்றம் சொன்னது. இந்தியத் தரப்பு, பராமரிப்பும் பயன்படுத்திய விதமும்தான் காரணம் என்றது. 2015-இல் நக்சல் பகுதிகளில் சி.ஆர்.பி.எஃப். இன்சாஸை விலக்கி ஏ.கே.வுக்குப் போனது.

வரைபலகை சார், நீங்கள் தொழிற்சாலைக்காரர். உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும்.

வரைபலகை எழுதியது:

கேட்டதற்கு நன்றி. நீண்ட பதிலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்சாஸைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏ.கே.வின் நீண்ட பிஸ்டனும் சுழலும் போல்ட்டும். வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஃபாலிலிருந்து. இடது பக்க இழுப்புப் பிடி ஜெர்மன் ஹெக்லர் நிறுவனத்தின் ரைஃபிள் வழி. நல்லதை எல்லாம் ஒன்றாகச் சேர்க்க நினைத்தார்கள். காகிதத்தில் குறை இல்லை. ஆனால் ஏ.கே. ஏன் சேற்றிலும் சுடுகிறது? அதன் பாகங்களுக்கு நடுவே தாராளமான இடைவெளி விட்டிருக்கிறார்கள், வேலை செய்யும் பாகம் கனமாக இருந்து பலமாக இடிக்கிறது. கூடவே குறி கொஞ்சம் தளரும், அதை ஏற்றுக்கொண்டார்கள். இன்சாஸில் எங்களுக்கு வந்த கட்டளை இரண்டும் வேண்டும் என்பது. நானூறு மீட்டரில் குறி தப்பக் கூடாது, ராஜஸ்தான் மணலிலும் சியாச்சின் பனியிலும் சுட வேண்டும், எஸ்.எல்.ஆர். பழகிய கைக்கு அந்நியமாகவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு தேவை கூடும். கடைசியில் சின்னத் தோட்டா சுடும் துப்பாக்கி காலியாகவே 4.15 கிலோ. எடையைக் குறைக்கத்தானே சின்னத் தோட்டாவுக்குப் போனோம்!

மேகசினில் இருபது தோட்டா ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். தரையோடு படுத்துச் சுட நீளமான மேகசின் இடைஞ்சல், முப்பது கொடுத்தால் வீணாகச் சுடுவான் என்ற பழைய எண்ணம். தொடர்ந்து சுடும் வசதி இல்லாமல் மூன்று குண்டு பர்ஸ்ட் மட்டும் வைத்ததும் அதே எண்ணம்தான். காஷ்மீரில் ஒரு அறைக்குள் நுழைகிறவனுக்கு அந்தச் சிக்கனம் எப்படி உதவும்?

கண்ணாடி போலத் தெரியும் மேகசினின் பிளாஸ்டிக்கைப் பிறகு மாற்றினார்கள். 1பி1 என்று வந்த வகையில் பல குறைகள் தீர்ந்தன. ஆனால் பேர் கெட்டுவிட்டது. முதல் வருஷம் வாங்கிய கெட்ட பெயரைத் துப்பாக்கியால் கழுவ முடியாது, ஜவான் வாயில் அது ஏறிவிடும்.

தரக் கட்டுப்பாட்டில் எங்கள் தவறுகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே துப்பாக்கி மூன்று ஊர்த் தொழிற்சாலைகளில், ஈசாப்பூரிலும் திருச்சியிலும் கான்பூரிலும், தயாரானது. ஒரு தொகுதி நன்றாக இருக்கும், அடுத்தது புகார் வாங்கும். பயன்படுத்துகிறவனுக்கும் செய்கிறவனுக்கும் நடுவில் அத்தனை அலுவலகங்கள். ஜவான் சொன்ன குறை எங்கள் லேத்துக்கு வந்து சேர வருஷங்கள் ஆகும். அதில் காவிரிக்கரை சொல்வது சரி.

கோவை_மோட்டார் எழுதியது:

5.56 தோட்டா ஆளைக் காயப்படுத்தத்தான், கொல்ல இல்லை, ஒருவன் காயப்பட்டால் தூக்கிப் போக இன்னும் இரண்டு பேர் வேண்டும், அதனால் மூன்று பேர் குறைவார்கள் என்று எங்கும் சொல்கிறார்களே, அது நிஜமான கணக்கா? இல்லை, பின்னால் கட்டிய விளக்கமா?

பழைய_சிப்பாய் எழுதியது:

அதை வகுப்பிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். முறையான ராணுவத்தோடு முறையான போர் என்றால் அந்தக் கணக்குக்கு அர்த்தம் இருக்கலாம். ஆனால் காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வருகிறவன் திரும்பிப் போக வரவில்லை. அவனைத் தூக்கிப் போக யாரும் வர மாட்டார்கள். காயத்தோடு இன்னும் பத்து நிமிஷம் சுடுவான், அந்தப் பத்து நிமிஷத்தில் நம் பையன் ஒருவன் போவான். அதனால்தான் ராணுவம் 2016 வாக்கில் மறுபடி பெரிய தோட்டா வேண்டும் என்று 7.62×51-க்குத் திரும்பியது.

ஆனால் சின்னத் தோட்டாவின் நன்மையையும் சொல்ல வேண்டும். 5.56 ஒன்று சுமார் 12 கிராம், 7.62×51 ஒன்று சுமார் 24 கிராம். மலை ஏறுகிறவனுக்கு அது இரண்டு மடங்கு தோட்டா. தண்ணீர் தீர்ந்தால்கூடச் சமாளிக்கலாம், தோட்டா தீர்ந்தால் முடியாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இந்த "குண்டு பட்டும் விழவில்லை" என்ற புகாருக்கு நூற்றிருபது வருஷத்துக்கு மேல் வயது. 1895-இல் வடமேற்கு எல்லையில் நடந்த சித்ரால் படையெடுப்பில் புதிய .303 சின்னக் குண்டு பட்ட பழங்குடி வீரர்கள் நிற்காமல் ஓடி வருகிறார்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் முறையிட்டார்கள். அதற்கு முன் இருந்த மார்ட்டினியின் ஈயக் குண்டு பருமன் அதிகம். உடனே கல்கத்தா பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே குண்டின் முனையில் உள்ள உலோக உறையை நீக்கி, உடம்புக்குள் விரியும் குண்டைச் செய்தார். உலகம் முழுக்க டம்டம் குண்டு என்று கெட்ட பெயர் வாங்கியது அது. 1899 ஹேக் மாநாட்டில் அவ்வகைக் குண்டுகளுக்குத் தடை வந்தது.

அன்று இருந்த கேள்வியும் இன்றைய கேள்வியும் ஒன்றே: எதிரி யார், எந்தத் தூரம்? வடமேற்கு எல்லையில் கத்தியோடு ஓடி வருகிறவனுக்கு ஒரு குண்டு, ஐரோப்பாவில் அகழிக்குள் இருக்கிறவனுக்கு வேறு குண்டு. ஒரே துப்பாக்கியில் இரண்டையும் எதிர்பார்த்தால் இன்சாஸுக்கு நடந்ததுதான் நடக்கும்.

காவிரிக்கரை எழுதியது:

அந்த ஆசை 2011-இல் உச்சத்துக்குப் போனது. ஒரே ரைஃபிளில் குழலை மாற்றி 5.56, 7.62×39 இரண்டையும் சுட வேண்டும் என்று 66,000 துப்பாக்கிகளுக்கு டெண்டர் விட்டார்கள். பெரெட்டா, கோல்ட், செக் நாட்டு சி.இசட்., இஸ்ரேலின் ஏஸ் என்று பெரிய பெயர்கள் போட்டியிட்டன. ஒரு சிப்பாய் கூடுதல் குழலைச் சுமந்து, போன இடத்தில் மாற்றி, மறுபடி குறி சரிசெய்து, இரண்டு வகைத் தோட்டாவையும் கையிருப்பில் வைப்பது எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. 2015-இல் ரத்தானது. 2017-இல் ஈசாப்பூர் செய்து காட்டிய 7.62×51 ரைஃபிள் சோதனையில் தேறவில்லை.

2019 பிப்ரவரியில் அவசர வழியில் அமெரிக்காவின் சிக் 716 ரைஃபிள் 72,400 வாங்கினார்கள், 2024-இல் இன்னும் 73,000. எல்லையில் தூரத்துச் சண்டைக்கு அது. மற்ற எல்லோருக்கும் ஏ.கே. 203. எண்ணிக்கை 6,01,427. கோர்வாவில் 2019 மார்ச்சில் திறப்பு விழா நடந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 டிசம்பர் 6. முதல் தொகுதி 2023 ஜனவரியில். 2024 ஜூலைக்குள் 35,000 கொடுத்ததாக ரஷ்யத் தரப்பு அறிவித்தது.

இப்போது கணக்குப் பாருங்கள். பழைய இன்சாஸ் 5.56, ஏ.கே. 7.62×39, சிக் 7.62×51. ஒரே பிரிகேடில் மூன்று தோட்டா போக வேண்டும். தோட்டா லாரி தப்பான மேட்டுக்குப் போனால் அங்கே அது வெறும் பித்தளை. இதனால்தான் பிரச்சினை தீர்ந்தது என்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

கோவை_மோட்டார் எழுதியது:

நம்ம திருச்சியிலேயே 7.62×39-இல் டி.ஏ.ஆர். (திருச்சி அசால்ட் ரைஃபிள்) செய்கிறார்கள். அதை விட்டுவிட்டு ரஷ்யாவோடு சேர்ந்து புதுத் தொழிற்சாலை எதற்கு? விதுவான்சக் என்ற பெரிய துப்பாக்கியும் திருச்சியில் செய்ததுதானே, அதையும் ராணுவம் எடுக்கவில்லை.

வரைபலகை எழுதியது:

விதுவான்சக்கை எடை அதிகம் என்று ராணுவம் விட்டது, எல்லைப் பாதுகாப்புப் படை எடுத்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, மலையில் சுமக்கிறவன் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும்.

டி.ஏ.ஆர். விஷயத்தில் என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். திருச்சித் தொழிற்சாலை 1966-இலிருந்து இருக்கிறது. ஏ.கே. அமைப்பு ரைஃபிளைச் செய்யத் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. சோதனையில் குறை சொல்லுங்கள், திருத்தித் தருகிறோம், மறுபடி சோதியுங்கள் என்று ஐந்து வருஷம் பொறுமையாக நடத்தியிருந்தால் நம் சொந்த ரைஃபிள் வந்திருக்கும். பிற நாடுகளில் அப்படித்தான் வளர்ந்தது. இங்கே தேறவில்லை என்றால் கோப்பை மூடிவிடுகிறோம், அடுத்த டெண்டர் வெளிநாட்டுக்குப் போகிறது. அதே சமயம் ஏ.கே. 203 வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 3.8 கிலோ, முப்பது தோட்டா, மடக்கக்கூடிய பின்கட்டை, மேலே ஆப்டிக் (குறிபார்க்கும் கண்ணாடி) பொருத்தத் தண்டவாளம். ஜவானுக்கு நல்ல துப்பாக்கி கிடைக்கிறது. இந்தியப் பாகங்களின் பங்கு நூறு சதவீதம் ஆகும் என்று சொன்னதை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குழலும் போல்ட்டும் இங்கேயே அடிக்காதவரை அது பொருத்துகிற வேலைதான்.

புதுமுகம்_21 எழுதியது:

போலீஸிடம் இருந்த த்ரீ நாட் த்ரீ என்ன ஆனது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ராணுவம் விட்ட பிறகும் மாநிலப் போலீஸ் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. 2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏ.கே. வைத்திருந்த இருவருக்கு எதிரே ரயில்வேக் காவலர்கள் கையில் இருந்தது அதுதான். அதன் பிறகுதான் பல மாநிலங்கள் விழித்தன. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு அதற்கு முறைப்படி விடை கொடுத்தது. அதுவரை நம் தேசத்தில் அந்த ரைஃபிள் நூறு வருஷத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறது.

பழைய_சிப்பாய் எழுதியது:

ரைஃபிளைப் பற்றி இவ்வளவு பேசினோம், கார்பைனை யாரும் தொடவில்லையே. இன்சாஸ் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாக வர வேண்டிய கார்பைன் படைக்கு வரவே இல்லை. ஸ்டெர்லிங்கின் இந்திய வடிவமான 9 மி.மீ. கார்பைன் கான்பூரில் தயாரானது, அது முடிந்த பிறகு இடம் காலியாகவே கிடந்தது. 2018-இல் அபுதாபியின் காரகல் 93,895 என்று தேர்ந்தெடுத்தார்கள், 2020-இல் அதுவும் ரத்து. டாங்கியில் இருப்பவன், ரேடியோ சுமப்பவன், கதவை உடைத்து உள்ளே போகிறவன் எல்லோரும் அத்தனை வருஷம் பெரிய ரைஃபிளோடுதான் சமாளித்தார்கள். காவிரிக்கரை, உங்கள் பட்டியலில் இதையும் சேருங்கள்.

வரைபலகை எழுதியது:

எல்.எம்.ஜி.யையும் சேர்க்க வேண்டும். செக் நாட்டு பிர்னோவிலும் இங்கிலாந்தின் என்ஃபீல்டிலும் பிறந்த பிரென், இரண்டாம் உலகப் போரில் .303 சுட்டது. அதையே 7.62×51-க்கு மாற்றி 1பி என்று வைத்துக்கொண்டோம். .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு, அதனால் மேகசின் வளைந்திருக்கும். புதுத் தோட்டாவுக்கு விளிம்பு இல்லை, மேகசின் நேராக ஆனது. பார்த்த உடனே எது பழசு, எது மாற்றியது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். இன்சாஸ் எல்.எம்.ஜி. வந்த பிறகும் பிரெனை விட மனமில்லாத பட்டாலியன்கள் இருந்தன. 2020 மார்ச்சில் இஸ்ரேலின் நெகேவ் 16,479 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள், அது பெல்ட்டில் தோட்டா ஊட்டும் வகை. இதற்குத் தனி இழை திறந்தால் பிரெனின் குழல் மாற்றும் முறையைப் படத்தோடு எழுதுகிறேன்.